குடத்துக்குக் கோடு

வில்லிவாக்கத்தில், மூன்றாம் மாடியில்,
ஃபேன் இரண்டில் ஓட
நான் செய்த விளையாட்டு இது:

தண்ணீர் லாரி வரும்.
அதற்கு முன்னே குடங்கள் வரும்.
சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா.
யார் குடம் எதுவென்று பார்த்து
வரிசை குலையாமல் நகர்த்த வேண்டும்.
தப்பினால் சண்டை.
சண்டைக்கு மட்டும் நாற்பது வசனம்,
எல்லாம் எங்கள் தெருவில் கேட்டவை.
எழுதக்கூடாதவற்றுக்கு
‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வைத்தேன்.

முதல் வாரம் அறுபத்து மூன்று பேர் இறக்கினார்கள்.
அதில் ஐந்து பேர் சொந்தம்.
ஒன்று, என்னுடைய இன்னொரு போன்.

பதினோராம் நாள்
ஒற்றை நட்சத்திரம் ஒன்று வந்து விழுந்தது.
“ரெண்டு குடமும் ஒண்ணு. ஏமாத்து வேலை.”
பெயர், தணிகாசலம் கே.

இரவு ஒன்றரை மணி.
ஏமாத்தா?
இரண்டு வருடம். ஒரு ஜோடி வளையல்.
விட்ட வேலையைப் பற்றி அப்பாவிடம்
இன்னும் சொல்லவில்லை.
‘விதிமுறையை ஒழுங்காகப் படிக்கவும்.
சிவப்பு வேறு, பச்சை வேறு’ என்று தட்டி
அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் பதில்:
“எனக்கு வேற இல்ல சார்.”

பல் விளக்கிக்கொண்டே படித்தவள்
நுரையோடு நின்றேன்.
சார் என்றதைத் திருத்தவில்லை.
திருத்த வேண்டியது வேறு இருந்தது.

நீங்கள் ஆடும்போது பக்கத்தில் உட்காரலாமா
என்று கேட்டேன்.
வரச் சொன்னார்.
லூகாஸ் பஸ் ஸ்டாப், செகண்ட் ஷிஃப்டுக்கு முன்னால்.
எஸ்டேட்டில் லேத் வேலை.
விரல் இடுக்கில் எண்ணெய்க் கறுப்பு,
போனின் மூலையில் விரிசல்.

வாயைத் திறக்கக்கூடாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு போயிருந்தேன்.
‘அந்தப் பக்கம் நகர்த்துங்க’ என்பது
நாக்கு நுனி வரை வந்து
எத்தனை தடவை திரும்பிப் போனது!
அவர் நிறம் பார்க்கவில்லை.
எந்தக் குடம் எங்கே இருந்தது என்று
மனப்பாடமாக ஆடினார்.
வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக வைத்தார்.
சண்டை வந்தது. டொய்ங்.
சிரித்தார். மறுபடி தப்பாக வைத்தார்.
இதை நான் யோசித்ததே இல்லை,
தோற்க ஆசைப்படும் ஒருவரை.

திரும்பும் வழியில்தான் உறைத்தது.
எங்கள் தெருவில் யார் நிறத்தை நம்பினார்கள்?
எல்லார் வீட்டிலும் அதே சிவப்பு.
எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா
கழுத்தில் நெயில் பாலிஷால் கோடு போடுவாள்.
இன்னொருவர் கைக்குட்டை கட்டுவார்.
எங்கள் குடம், ஒரு பக்கம் நசுங்கல்.

நசுக்கினேன். கட்டினேன். கோடு போட்டேன்.
புதுப் பதிப்பின் குறிப்பில் எழுதினேன்:
‘தணிகாசலம் சொன்னார். குடங்கள் மாறின.’

ஒன்று, மூன்று நட்சத்திரம் ஆனது.
மிச்சம் ரெண்டு எங்கே என்றேன்.
“நெஜத்துலயும் லேட்டு, இதுலயும் லேட்டா மேடம்?”

லாரியை எட்டு விநாடி முன்னால் வரவழைத்தேன்.
இந்த ஊரில் அது
என் கையால் ஆகக்கூடிய காரியமாக இருந்தது.

மறுநாள் மண்ணடியிலிருந்து முபீனா:
“இவ்ளோ சீக்கிரம் எந்த லாரி வருது?
நம்பற மாதிரியே இல்ல.”

இரவு ஒன்றரை மணி.
பதில் எழுதும் முன்
இந்த முறை எழுந்துபோய்
ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.