மஞ்சள் கயிறு

அடிவாரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் ஸ்டாண்டில் பதினொரு வண்டி.
ஆறு பொலிரோ, நாலு தோஸ்த்,
குட்டியானை ஒன்று. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை,
அதன் ஓனர் வரதன் உட்பட.

டீ வரும்வரை வண்டிப் பேச்சு.
டீ வந்த பிறகும் அதே.
"உன்னுது மூணாவது வளைவுலயே மூச்சு வாங்குது,
இன்ஹேலர் வாங்கி டேஷ்போர்டுல வை" என்பேன்.
"உன்னுது குடிக்கிற டீசலுக்கு
பங்க்காரன் உனக்குப் பொண்ணே குடுப்பான்" என்பான்
சேர்வராயன், நாகலூர்க்காரன், தோஸ்த்.
அவன் வண்டி நின்ற நிழலில் என் வண்டியை நிறுத்த மாட்டேன்.
அவன் காற்றடிக்கும் கடையில் காற்றடிக்க மாட்டேன்.
அவன் மகன் காதுகுத்துக்குப் போனேன். பஸ்ஸில்.
வாசல் பேனரில் பிள்ளைக்குப் பக்கத்தில்
அவன் வண்டியும் சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வண்டிக்கும் ஆர்.சி. புத்தகம்
ஐந்து ரோடு ஃபைனான்ஸ் ஆபீஸில்
ஒரே பீரோவில் படுத்திருக்கிறது.
அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஐப்பசி. நாற்பது மூட்டை சிமெண்ட்.
முப்பதுக்கு மேல் வேண்டாமென்று
எஸ்டேட் மேஸ்திரியே சொன்னார்.
"இது பொலிரோங்க" என்றேன்.

டீசல் ஃபில்டர் மாற்றவேண்டிய தேதியை
இரண்டு முறை மாற்றியிருந்தேன், ஃபில்டரை அல்ல.
பதினேழாவது வளைவில் இருமியது.
பதினெட்டில் நின்றது.
கீழே சேலம்
யாரோ கொட்டிவிட்டுப் பொறுக்காமல் போன
ஜவ்வரிசி மாதிரி கிடந்தது.

பின்னால் ஒரு ஹெட்லைட்.
சத்தத்திலேயே தெரிந்துவிட்டது யாரென்று.
சொந்த வண்டியின் சத்தம்கூட
எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

இறங்கினான். பானெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த வசனமெல்லாம்
இப்போது வருமென்று நின்றேன்.
"கல்லு வெச்சியா?"
டயருக்குக் கல் வைத்திருக்கவில்லை நான்.
அவனே தேடி வைத்தான்.

மழையில் இருபது மூட்டை
அவன் வண்டிக்கு இடம் மாறியது.
தோளில் நனைந்த சிமெண்ட் இறுக ஆரம்பித்தது.
கயிறு அவனுடையது. மஞ்சள் நைலான்.
கட்டுமுன் ஒரு சாக்கை உதறி
என் வண்டியின் முகத்தில்
கம்பெனி எழுத்து தெரியாதபடி செருகினான்.
"மேல கடைங்க தொறந்திருக்கும்."
அந்த இரவில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மிச்சம் இரண்டு வளைவு.
அவன் கிளட்ச் கருகும் வாசம்
ஜன்னல் வழியே வந்து
என் மடியில் உட்கார்ந்துகொண்டது.
இழுக்கப்படுகிறவனுக்கு அதிக வேலையில்லை.
கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்,
முன்னால் போகிறவன் பெயரை
இரண்டு அடி தள்ளி
படித்துக்கொண்டே வரவேண்டும்.

எட்டு நாள் கழித்து அவன் தோஸ்த் பட்டறை ஏறியது.
கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், கூலி
எல்லாம் சேர்த்து ஒரு டியூ போய்விட்டது.
ஸ்டாண்டே விசாரித்தது.
டீ கிளாசுக்குள் பார்த்தபடி சொன்னான்:
"என்ன இருந்தாலும்
இந்தக் கம்பெனி கிளட்ச் கொஞ்சம் மட்டம்தாம்ப்பா."

தோஸ்த்காரர்கள் மூவரும் தலைகுனிந்தார்கள்,
ஏதோ சாமியைப் பழித்துவிட்டதைப்போல.
எங்கள் பக்கம் விசில் பறந்தது.
வரதன்கூடச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

கயிறு இன்னும் என் சீட்டுக்கு அடியில்.
பகலில் கொடுத்தால் எதற்கென்பார்கள்.
இரவில் கொடுக்க
அவன் வண்டி பக்கத்தில் என் வண்டியை நிறுத்தவேண்டும்.

போன வாரம் புதுசு வாங்கியிருக்கிறான். நீலம்.
"எதுக்குடா இது, மாடு கட்டவா?" என்றேன்
எல்லோரும் கேட்க.
"உன் வண்டியை இழுக்கத்தான்" என்றான்
எல்லோரும் கேட்க.

ஸ்டாண்டே சிரித்தது.
வழக்கமான பேச்சுதானே.