நிற்பதற்கு நாற்பது தாள்

சுழல்வதற்கு மூன்றே தாள் போதும்.
மாற்றி மாற்றி ஓட்டினால்
பம்பரம் தூங்குகிறதென்று கண் நம்பிவிடும்.
தள்ளாடி விழத்தான்
நாற்பது வேண்டும்.

நெரிமாவில் இரவு இரண்டேகால்.
கடைசி ரயிலை விட்டுவிட்டு
சிகுசா பென்சில் சீவுகிறாள்.
பதினேழாம் தாளில்
இரும்பு வளையத்துக்கு ஒரு பல் கூடிவிட்டது.
அழிக்கிறாள்.
தாளுக்கு இருநூறு யென்.
ஜெயிக்கிற பம்பரத்தால் மூன்று தாள் கூலி;
தோற்கிறதுதான்
வாடகை கட்டுகிறது.

ஞாயிறு காலை.
மிசோ சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.
"நீலமா, சிவப்பா, எதும்மா ஜெயிக்கும்?"
தெப்பெய்க்கு ஏழு வயது.
அவளுக்குத் தெரியாது.
அவள் கைக்கு வருவது வெறும் கோடு,
நிறம் பூசுவது வேறு யாரோ.

சோற்றுக் கிண்ணத்துக்குள் அவன் விட்டது
சாயத் தொடங்குகிறது.
சும்மா இருடா என்று சொல்ல வந்தவள்
குனிந்து
எண்ணுகிறாள்.