இருபத்தைந்து என்று எடுத்துக்கொண்டு

கித்ஃபா. ஆகஸ்ட். இரவு இரண்டு பத்து.
மூன்றாவது ட்ரெயினின் தண்ணீர்
குடிக்க லாயக்கில்லை என்று
உள்ளங்கை அகலத் திரை சொல்லிவிட்டது.
வால்வு திறந்துகொண்டு
உப்பு நீக்கிய நீரையெல்லாம்
உப்புக்கே திருப்பி ஊற்றுகிறது.

அறுநூறு மைக்ரோசீமன்ஸ்.
ஐந்நூறைத் தாண்டினால் கொட்டு என்பது சட்டம்.
எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில்
மின்னி மின்னி மறைகிறது
ஈ பதினேழு.

கையேட்டில் பதினொரு மொழிகள்.
ஃபின்னிஷ்காரனுக்கும் உண்டு, நமக்கில்லை.
ஈ பதினேழு: வெப்ப சென்சார் தொடர்பில் இல்லை.
ஒன்று, கேபிளைப் பார்க்கவும்.
இரண்டு, விற்றவரை அழைக்கவும்.
விற்றவர் ஷார்ஜாவில் ஏசி போட்டுத் தூங்குகிறார்.

அடுத்த வரியில்தான் கண் நின்றது:
வெப்பம் தெரியாதபோது கருவி
இருபத்தைந்து டிகிரி என்று எடுத்துக்கொள்ளும்.

எந்த ஊரில் இருபத்தைந்து?
குழாய் முப்பத்தெட்டில் இருக்கிறது.
நான் அதற்கும் மேலே எங்கோ.
சூடான நீரில் அதே உப்பு
கூடுதலாய்த் துள்ளும், கூடுதலாய்க் கடத்தும்.
டிகிரிக்கு இரண்டு சதம் தள்ளிவிட்டுத்தான்
நல்லதா கெட்டதா சொல்ல வேண்டும்.
தள்ளத் தெரியவில்லை இதற்கு.
நல்ல தண்ணீரைக்
கெட்டது என்று கொட்டுகிறது.

வாக்கிடாக்கியில் ரொமெல்:
"மானுவல்ல முப்பத்தெட்டு போட்டுட்டு வா பிரதர்."
போட்டேன்.
நானூற்று எழுபத்தாறு.
வால்வு மூடியது. கட்டுப்பாட்டறையில் யாரோ சிரித்தார்கள்.
நாற்பது நிமிடத்தில் போனது
முப்பது லாரித் தண்ணீர்.

போயிருக்கலாம், டீ இருந்தது.
ஆனால் ஜனவரியில் இந்தக் கடல் இருபத்து நான்குக்கு இறங்கும்.
அப்போதும் இது முப்பத்தெட்டு என்று சாதிக்கும்,
நான் சொல்லிக்கொடுத்தபடி.
உண்மையிலேயே உப்பேறிய நீர்
நல்ல எண்ணோடு ஊருக்குள் போகும்.
ஏதோ ஒரு வீட்டில்
பால்பவுடரில் கலப்பார்கள்.

டார்ச் பிடிக்க குல் ஜரீன்.
மூடிக்கு நாலு திருகு.
மூன்று உள்ளங்கையில், ஒன்று
சரளைக்குள் விழுந்து சரளையாகிவிட்டது.
மீட்டரை வைத்தால் எல்லையின்மை காட்டுகிறது;
அதாவது கம்பி அறுந்திருக்கிறது.
பச்சைக் கம்பியின் முனையில்
செம்பும் பச்சையாய்ப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.
கடல்காற்று திரைக்குள் வரவில்லை,
அதன் நரம்புக்குள் வந்திருக்கிறது.

ஒரு கட்டைவிரல் நீளம் வெட்டி
தோல் உரித்து முறுக்கிச் செருகினேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு ஓம்.
முப்பத்தெட்டு டிகிரி. கருவியே சொல்கிறது,
நான் சொல்லாமல்.
ஈ பதினேழு
போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லவேண்டியதுதானே
இந்த மெஷின்?"
கேட்டார் குல் ஜரீன், அவருடைய ஹிந்தியில்.
சொன்னதுதான், என்றேன்.
பொடி எழுத்தில்.

லாக் புத்தகத்தில்:
காரணம், ஒரு கம்பி.
மாற்றிய பொருள், ஒன்றுமில்லை.
மானுவல் நீக்கப்பட்டது. கையொப்பம்.

நாலரைக்கு பொற்கொடி அழைத்தாள்.
அங்கே ஆறு மணி, குக்கர் கத்துகிறது.
"வெயில் எப்படி இருக்கு?"
"பரவாயில்ல."
"ராத்திரி?"
"ராத்திரி நல்லாவே இருக்கு."
கொஞ்சநேரம் அவள் பேசவில்லை.
என் எண்ணோடு எதையோ
கூட்டிக்கொண்டிருந்தாள்.

அறைக்கு வந்து பூட்ஸைக் கழற்றினேன்.
காலையெல்லாம் உறுத்தியதை
சரளை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.
நாலாவது திருகு.