இடப்பக்கம் காலி

காற்று ஐம்பது நாட்.
இன்றிரவு கல்சோய் தீவுக்குப் படகு கிடையாது.
கிளாக்ஸ்விக் துறையில் கட்டுக்கயிறுகள் முனகுகின்றன.
எஞ்சின் அறைக் காவலுக்கு நான் ஒருத்தி,
எண்ணெய்க் கறை படிந்த மடிக்கணினி,
அதற்குள்
வரிசையாக ஆறு ஆட்டம் தோற்ற ஒரு கழகம்.

வால்மோர் டவுன்.
இங்கிலாந்தின் எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர்.
கணக்கில் ஓட்டை, மைதானத்தில் சேறு.
முன்பிருந்த மேலாளரைத் துரத்திவிட்டு
என்னை எடுத்தார்கள்;
வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

ஜூலையில் நான் தாராளமாக இருந்தேன்.
இடது பின்காவல் ப்ரியர்லிக்குப் பத்தொன்பது வயது, காலில் நெருப்பு:
போ என்றேன். ‘தாக்கு’ என்று சொடுக்கினேன்.
அவனுக்கு முன்னால் ஓரத்தில் ஆடும் ஹார்க்னஸ்: நீயும் போ.
வலப்பக்கத்துக்காரன் முகம் வாடக் கூடாதே, அவனும் போகட்டும்.
நடுக்களத்தில் மூன்று பேர், மூவருக்கும் கோல் கனவு.
பலகையில் அம்புக்குறிகள் எல்லாம் மேல்நோக்கி,
பாறையிலிருந்து பறவைக் கூட்டம் கிளம்பினாற்போல.
பார்க்க என்ன அழகு!
எல்லாரும் பல்லக்கில்.
தூக்குவதற்கு இரண்டு நடுக்காவலர்கள்,
அதில் ஒருவனுக்கு முழங்கால் வலி.

3-5. 2-4. 3-4.
துணைப் பயிற்சியாளன் என்ற அந்த நிரல்
ஒவ்வொரு தோல்விக்கும் ஒரே வாக்கியம் சொன்னது:
வீரர்களின் மனஉறுதி குறைவு.
நானும் நம்பி, அணிக்கூட்டம் போட்டு,
ஆவேசமாகப் பேசும் பொத்தானை அழுத்தினேன்.
அடுத்த வாரம் 2-6.

இன்றுதான், வேறு வேலை இல்லாததால்,
அந்த ஆறாவது கோலை
மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன்.
எதிராளியின் மூலைக்கொடி அருகே பந்து பறிபோகிறது.
ப்ரியர்லி அங்கே. ஹார்க்னஸும் அங்கே,
ஒருவன் தோளை ஒருவன் உரச
இரண்டு பேரும் ஒரே முழம் புல்லில்.
இங்கே, இடப்பக்கம்,
நாற்பது கஜம் வெறும் பச்சை.
அதில் ஒருவன் பந்தோடு வருகிறான்.
அவசரம்கூட இல்லை,
பால் வாங்கக் கடைக்குப் போகிறவன் மாதிரி.

வெட்கமாக இருந்தது.
பதினான்கு வருடமாக
தொட்டித் தண்ணீரை இடமும் வலமும் மாற்றுவது என் பிழைப்பு.
சால்மன் லாரி இடப்பக்கம் ஏறினால்
வலத்தொட்டிக்கு எத்தனை டன் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ப்ரியர்லியிடம் ‘துணை நில்’ என்றேன்.
அதனால் ஹார்க்னஸ் தனித்துப்போனான்;
அவனை உள்ளே வெட்டி வரச் சொன்னேன்.
அவன் உள்ளே வர, அங்கே நெரிசல்;
முன்கள ஆளைக் கொஞ்சம் இறக்கினேன்.
அவன் இறங்க, கோல் வாசலில் ஈ காக்கை இல்லை.
போர்வையை இப்படி இழுத்தால் கால்,
அப்படி இழுத்தால் தலை.

கடைசியில் தோர்ப்பைக் கூப்பிட்டேன்.
முப்பத்துமூன்று வயது, வேகம் இருபதுக்கு ஆறு,
ஆகஸ்டிலிருந்து பெஞ்சைச் சூடாக்கியவன்.
உனக்கு ஒரே வேலை, எங்கும் போகாதே.
எல்லாரும் போனாலும் நீ போகாதே.

0-0.
சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள்.
ஆட்டச் செய்தியில் தோர்ப்பின் பெயர்கூட இல்லை.
நான் எழுந்து போய்
எண்ணெய்ப் பம்பைத் தட்டிக்கொடுத்தேன்.

மேல்தளத்திலிருந்து தும்மாஸ் இறங்கி வந்தான்.
“ஜெயித்தாயா ரன்வா?”
“இல்லை.”
“பிறகு எதற்குப் பல்லைக் காட்டுகிறாய்?”
எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல்
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
வெற்றுப் புல்லில் ஒரு வட்டம்.
“இவன் என்ன செய்கிறான்?”
“நிற்கிறான்.”
தும்மாஸ் காப்பியை ஊற்றிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஆட்டம் 0-1.
எண்பத்தெட்டாவது நிமிடம், கார்னர்.
கார்னருக்கு யாரை எங்கே நிறுத்துவது என்ற பக்கத்தை
ஜூலையிலிருந்து நான் திறந்தே பார்க்கவில்லை.

விடியும்வரை காற்று அடங்காது என்கிறது வானொலி.
அடிக்கட்டும்.