புறங்கை

பதினொரு கோழி.
சங்கக் கடனில் வாங்கியதில் மிச்சம் நாலு.
அந்த நாலும் முட்டையை மறந்து
கூரைக் கைமரத்தில் ஏறி நின்று
இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

துவக்கு ஹீன்பண்டாவிடம் இருந்தது, லைசன்ஸோடு.
லீக்ஸ் பாத்தியில் பன்றி விழுகிறதென்று எழுதி வாங்கியது.
கூப்பிடத் தெரியாது அவருக்கு.
எனக்குத் தெரியும்.

உதட்டை ஈரமாக்கிப் புறங்கையில் பதித்து
உள்ளுக்கு உறிஞ்ச வேண்டும்,
முள் குத்திய பிள்ளையின் விரலை உறிஞ்சுவதுபோல.
முதலில் எலி.
இன்னும் இறுக்கி, தொண்டையைக் கொஞ்சம் திறந்தால்
காலொடிந்த முயல்.
கொழுந்தெடுத்து வெடித்த கை இதற்கு நல்லது.
வெடிப்பில் காற்று சிக்கிக் கிழியும்.
சாகிற ஒன்று அப்படித்தான் கத்தும்.
கணக்கப்பிள்ளை ஒருநாள் கேட்டுவிட்டு
"நிப்பாட்டு அஞ்சுகம், வயித்தக் கலக்குது" என்றார்.

ஆடி மாதம்.
ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு
கச்சான் காற்று வெறுங்கையோடு
வெலிமடைப் பக்கம் இறங்குகிற காலம்.
கைவிட்ட ஆறாம் நம்பர் மலையில்
தேயிலை மரமாகி நிற்கிறது,
இடையெல்லாம் மானாப்புல், உண்ணிமுள்,
கீழே கல் தெரிகிற ஓடை.
காற்று முகத்தில் அடிக்கிற இடம் பார்த்துப்
பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.
டோர்ச் கண்ணாடிக்குச் சிவப்பு மிட்டாய்த்தாள் ஒட்டியிருந்தார்.
வெற்றிலை போடாதே என்றார். போடவில்லை.
பவுடர் மணக்குது என்றார்.
அது காலையில் பெரட்டுக்குப் போட்டது.
அவர் தமிழ் பாதி, என் சிங்களம் பாதி,
மிச்சமெல்லாம் விரல்.

கூப்பிட்டேன்.
மூன்று தரம். பிறகு சும்மா இருக்க வேண்டும்.
இந்தச் சும்மா இருப்பதுதான் வேட்டை.
விடாமல் அழுகிற முயலை நரி நம்பாது.
சாகிறதுக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டுமே.

மறுபடி மூன்று தரம்.
அவர் துவக்கை மானாவுக்கு நேராக நீட்டியிருந்தார்.
நரி சுற்றி வந்தது,
எங்கள் வாசம் போகிற பக்கமாக, முதுகுக்குப் பின்னால்,
ஓடையிலிருந்து ஒரு கூழாங்கல்கூட உருளாமல்.

எதற்கென்று தெரியாமல் திரும்பினேன்.
பத்தடி.
நிலா அதன் ஒரு காதில் மட்டும்.
மற்றது பாதிதான் இருந்தது.
அது அவரைப் பார்க்கவில்லை,
துவக்கைப் பார்க்கவில்லை.
முயல் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தது,
உதட்டிலிருந்து நான் இன்னும் எடுக்காத
புறங்கையை.

அவர் தோளைத் தொட்டேன்.
திரும்புவதற்குள் சாரம் முள்ளில் மாட்டியது.
வெடி வானத்துக்குப் போனது.
லயத்தில் நாய்கள், பிறகு பிள்ளைகள்,
பிறகு ஒவ்வொரு காம்பராவாக வெளிச்சம்.
தோட்டா விற்கிற விலையைச் சிங்களத்தில் சொன்னார்
ஹீன்பண்டா. எனக்கில்லை, பாறைக்கு.

இனி முயலுக்கு வராது அது.
வேறு குரல் வேண்டும்.
தாயைக் காணாத குட்டிக்கு எந்த நரியும் நிற்குமாம்.
அடுப்படியில் பழகினேன், பீலியடியில் பழகினேன்,
கூடைக் கயிறு நெற்றியை அழுத்த
நிரையின் நடுவில் பழகினேன்.
எலிதான் வந்தது. இல்லையென்றால் கதவுக் கீல்.

சனிக்கிழமை இரவு கொட்டாஞ்சேனையிலிருந்து
மனுஷன் போன் எடுத்தார்.
கடையில் ஆள் குறைவு,
தீபாவளிக்கும் சந்தேகம்தான்.
அனுப்பின காசு கிடைச்சதா?
கிடைச்சது.
கோழியெல்லாம்?
இருக்கு, என்றேன்.
அதற்குமேல் பேச ஒன்றுமில்லாத இடத்தில்
கை தானாக உதட்டுக்குப் போனது.

வந்துவிட்டது குட்டி.
மெல்லிசாக, மூக்கடைத்து, முடிவில் சற்றே உடைந்து.

அங்கே ஒரு பஸ் போகிற சத்தம்.
"யாரு அழுறது?"
யாருமில்ல, நான்தான், நரிக்குட்டி.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
பஸ் போய், இன்னொன்றும் போனபின்
"இன்னொருக்கா செய்" என்றார்.

செய்யவில்லை.
சும்மா இருந்தேன்.