கொசுறு

விலைப்பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார் கமலக்கண்ணன் சார்.
கண்ணாடியில் பசை மட்டும் மிச்சம்,
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
அதற்குக் கீழேதான் என் கவுண்டர்.

மவுண்ட் ரோட்டின் வெயில் உள்ளே வராது.
வருகிறவர்கள்தான் முதுகில் ஒட்டி எடுத்து வருகிறார்கள்.
நிற்பது ஒரே வண்டி, அதுவும் காட்சிக்கு.
கதவைத் திறக்கலாம், உட்காரலாம்,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
மனைவியைப் படம் எடுக்கச் சொல்லலாம்.
வாங்க முடியாது.

"வரத்து இல்ல சார். சிப்பு வரல.
தைவான்ல தண்ணி இல்லையாம்."
நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்.
தைவான் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால்
எண்ணூர்ப் பக்கம் கையைக் காட்டுவேன்.

பெரம்பூரிலிருந்து எபினேசர் வந்தார்.
ஒரகடத்தில் இடதுபக்கப் பின்கதவு மாட்டுகிறவர்.
ஷிப்டுக்கு இருநூற்றுப் பத்துக் கதவு.
"இப்ப நாப்பதுதான் மேடம்,
மீதி நேரம் லைனைப் பெருக்குறோம்."
காட்சி வண்டியின் பின்கதவைத் திறந்து மூடி
அந்தச் சத்தத்தைக் கேட்டார்.
"நம்மளுதுதான்."

பதினோரு மாதம் காத்திருக்கலாம்.
அல்லது அடுத்த வெள்ளிக்கிழமை.
இரண்டுக்கும் நடுவில் எண்பத்தையாயிரம்.

அதை எண்பத்தையாயிரம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
அதற்கு மிதியடி என்று பெயர்.
சீட் உறை, மட்கார்டு, வாசனைக் குப்பி,
வெள்ளி முலாம் பூசிய பிள்ளையார்
(பேக்கேஜை மாற்ற முடியாது, எபினேசருக்கும் பிள்ளையார்தான்).
இன்ஷூரன்ஸ் எங்களிடமே போட வேண்டும்.
பிறகு கையாளும் கட்டணம்,
கிடங்கிலிருந்து வண்டியை ஓட்டிவரும் பையனுக்கு
அதில் ஒரு டீ கிடைக்கும்.
"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"
என்றார் எபினேசர், சிரிக்காமல்.
சுண்டைக்காயே ஒன்பது லட்சம் என்பதால்
பழமொழி இங்கே அவ்வளவு பொருந்தவில்லை.

எல்லாம் எழுதிய பிறகும்
பெயர் வைக்காத இருபதாயிரம் மிஞ்சியது.
அதைப் பென்சிலால் துண்டுச்சீட்டில் எழுதி
அவர் பக்கம் நகர்த்தி
பார்த்ததும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
ரசீது இல்லை.

சீட்டு எடுத்த பணம். ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள்.
எண்ணும் இயந்திரம் இரண்டு நோட்டைத் துப்பியது,
தொடையில் வைத்து நீவிக் கொடுத்தார்.
என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் சௌகரியம்.
"நான் வெறும் கேஷியர் சார்" என்று சொல்ல
நாக்கு நுனியில் எடுத்து வைத்திருந்தேன்.

டெலிவரிக்கு முதல் நாள் சாயங்காலம்
சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சை வாங்க
ஆபீஸ் காசு நாற்பது ரூபாயோடு
சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன்.

"ஒண்ணு பதினஞ்சு."

பதினஞ்சா!
போன மாசம் மூணு ரூபா,
கேக்க ஆளில்லன்னு நெனச்சியா,
இதெல்லாம் பகல் கொள்ளை இல்லையா?
என் குரல் மீன் கடை வரைக்கும் போனது,
அங்கே ஒருத்தி கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வரத்து இல்லம்மா" என்றாள் கடைக்காரி.

அதே இரண்டு சொல்.

"ஆந்திராவுல காய்ப்பு இல்ல. வேணும்னா பாத்துக்க"
என்று சாக்கை விரித்துக் காட்டினாள்.
அடியில் பத்துப் பன்னிரண்டு கிடந்தன, பாதி பழுத்துக் கறுத்து.
எங்கள் கிடங்கை நான் பார்த்ததில்லை.
பார்த்த பையன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்,
எனக்கும் மாதம் முப்பது நாள் இருக்கிறது.

நாலு காய், அறுபது.
ஆபீஸ் வவுச்சரில் நாற்பதுக்கு மேல் எழுத முடியாது.
மீதி இருபதுக்கு ரசீது இல்லை.

நாலடி நடந்திருப்பேன், கைதட்டிக் கூப்பிட்டாள்.
தோல் சிராய்த்த ஒரு சின்னக் காயைப்
பையில் போட்டாள்.
"கொசுறு. கோச்சுக்காத."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வண்டி உருண்டது.
நாலும் நசுங்கின. எல்லோரும் கைதட்டினோம்.
எபினேசர் ஒருமுறை இறங்கிவந்து
இடதுபக்கப் பின்கதவை இன்னும் அழுத்தி மூடினார்.

ஐந்தாவது கல்லாவில் பென்சில் பக்கத்தில் கிடக்கிறது.
காய்ந்து கல்லாகிக்கொண்டு வருகிறது.
ஒவ்வொருமுறை இழுக்கும்போதும்
முன்னால் உருண்டு வந்து
விரலில் இடிக்கிறது.