அரைப் பேர்

திங்கட்கிழமை என் புள்ளி காலாவதியாகிறது.
ஒரே ஒரு புள்ளி.
போன வருஷம் இதே வாரம் துனீசியாவில்
மூன்றாவது செட், நாலுக்கு நாலு என்றிருக்கையில்
எதிரே நின்ற பெல்ஜியம் பையன்
தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால்
வந்தது.
ஐம்பத்திரண்டு வாரம் வைத்திருக்கலாம்.
அப்புறம் பால் மாதிரிதான்.

அதை வைத்துக்கொண்டு உலகத்தில்
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தோராவது ஆள் நான்.
வயது முப்பத்தெட்டு.
பொகவந்தலாவையில் முதலாவது.
இரண்டாவது கிடையாது.

காலை ஐந்தரைக்கு கிளப் கோர்ட்டில் நான் மட்டும்.
பழைய பந்துகள் ஈரம் குடித்து
நனைந்த பூனைக்குட்டி மாதிரி கனக்கின்றன.
புதுப் பந்து என்றால் வேறு கதை.
இந்த உயரத்தில் காற்று லேசு,
கொஞ்சம் அசந்தால் கோட்டைத் தாண்டிப் போய்விடும்.
கையை அடக்கி அடக்கித்தான் ஆட்டம் பழகினேன்.
கடலோரத்துக்கு இறங்கினால்
அதே அடி வலையில் போய் விழுகிறது.
தான் மலைக்காரன் என்பதைத் தோள் மறக்க
இரண்டு நாள் வேண்டும்.
தகுதிச் சுற்று முதல் நாளே தொடங்கிவிடும்.

அப்பா இந்தக் கோர்ட்டுக்கு ரோலர் இழுத்தவர்.
சனிக்கிழமை தொரைமார் வருமுன்
சுண்ணாம்பு கரைத்துக் கோடு போடுவார்.
கோடு கோணினால் செக்ரோலில் அரைப் பேர்.
அரை நாள் கூலி என்று அர்த்தம்.
தோட்டத்தில் அப்படிச் சொல்வதில்லை.
‘அங்கமுத்துக்கு அரைப் பேர் போடு’ என்பார் கணக்குப்பிள்ளை.
எந்தப் பாதியை வெட்டினார்களோ,
அங்கத்தையா? முத்தையா?

நான் பந்து பொறுக்கினேன்.
ஒருநாள் ஆட ஆள் குறைந்தது, மட்டையைத் தந்தார்கள்.
அதற்கு மேல் கதை இல்லை.

துனீசியாவில் நடுவர் நாற்காலியில் ஒரு பெண்.
தாளைப் பார்த்து வாசித்தாள்,
என் பெயரை அல்ல,
எங்கள் வழக்கப்படி அதன் கூடவே வரும் அப்பாவின் பெயரை.
‘கேம், அங்கமுத்து.’
முழுசாக.
பார்க்க வந்தவர் மூன்று பேர்,
அதில் ஒருவர் அடுத்த கோர்ட்டுக்குத் தண்ணீர் அடிக்க வந்தவர்.
‘அட்வான்டேஜ், அங்கமுத்து.’
அப்பாவுக்கு அட்வான்டேஜ்!
பந்தைத் தட்டிக்கொண்டே நின்றேன்,
தட்டுவதை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்.
டபுள் ஃபால்ட்.
டியூஸ்.
டியூஸுக்கு யார் பேரும் சொல்லமாட்டார்கள்.

அந்த வெற்றிக்குக் கிடைத்த டாலர்
கட்டுநாயக்கவிலிருந்து தோகாவரை வரும்.
மிச்ச வானத்துக்கு,
நுவரெலியா ஹோட்டலில் விருந்தாளிகளுக்குப்
பந்து ஊட்டினேன், ஏப்ரல் முழுக்க.
‘நீங்க ப்ரோவா?’ என்று ஒரு ஜெர்மன்காரர் கேட்டார்.
இன்னும் பத்து நாளைக்கு, என்றேன்.
சிரித்தார். நானும்.

நேற்று ராத்திரி ராஜமலரிடம் சொன்னேன்.
ஹட்டன் கார்மென்ட்ஸிலிருந்து வந்து
கால் நீட்டியிருந்தாள், மடியில் சீட்டுக் கொப்பி.
‘போனாப் போகுது,
ஆவணியில சீட்டு நமக்குத்தான் விழுது.
இந்தத் தடவ
பெல்ஜியக்காரன் கால நம்பிப் போகாதீங்க.’

செவ்வாய்க்கிழமை பட்டியலில் நான் இருக்கமாட்டேன்.
எனக்குக் கீழே இருந்தவன் ஒரு படி ஏறுவான்,
யார் இறங்கினான் என்று தெரியாமல்.

கூடையில் இன்னும் பதினொரு பந்து.
கோடு போட இப்போது கிளப்பில் ஆள் இல்லை,
நேற்று நான்தான் போட்டேன்.
கொஞ்சம் கோணல்.
அந்தப் பக்கம் ஒரே மூட்டம்.
அடிக்கிறேன்,
சத்தம் மட்டும் திரும்பி வருகிறது.
உள்ளேயா வெளியேயா,
வெளிச்சம் வந்தபிறகு போய்ப் பொறுக்கும்போது பார்க்கலாம்.
ஈரப் பந்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால்
உள்ளே.